உலாவிக்குள் நுழையும் ஏகபோகம்

2015 ஜூன் மாதத் தொடக்கத்தில் பெங்களூருவைச் சேர்ந்த மென்பொருள் வல்லுநர் தேஜேஷ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஏர்டெல் 3ஜி இணைப்பின் வழியே திறக்கப்படும் வலைப்பக்கங்களின் மூல நிரலில், அத்தளங்களை உருவாக்கியவர்கள் எழுதாத சில வரிகள் இருந்தன. வேறு இணைப்பில் அதே பக்கத்தைத் திறந்தால் அவ்வரிகள் இல்லை. அவை ஏர்டெல் நிறுவனத்துக்குரிய ஓர் இணைய முகவரியிலிருந்து மற்றொரு நிரலை வரவழைத்து, வாசகரின் உலாவிக்குள் ஒரு கருவிப்பட்டையைப் பொருத்த முயன்றன. வாசகரின் அனுமதியோ, தளத்தின் உரிமையாளரின் அனுமதியோ கேட்கப்படவில்லை.

தேஜேஷ் தாம் கண்டதைத் திரைப்படங்களுடன் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். அடுத்த சில நாட்களிலேயே வழக்கறிஞர் அறிவிக்கை வந்து சேர்ந்தது. அனுப்பியது ஏர்டெல் அல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த பிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம். அந்த நிரல் தனது அறிவுசார் சொத்து என்றும், அதை வெளியிட்டதன் மூலம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் இந்திய தண்டனைச் சட்டத்தையும் அவர் மீறிவிட்டார் என்றும், உடனடியாக அதை நீக்க வேண்டும் என்றும் அது மிரட்டியது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விடுக்கப்பட்ட கோரிக்கையை ஏற்று கிட்ஹப் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டது. திருட்டுத்தனமாக ஒருவர் வீட்டுக்குள் வீசப்பட்ட பொருளை அவர் தெருவில் எடுத்துக் காட்டினால், "அது எங்கள் பொருள், காட்டியதே குற்றம்" என்று வீசியவன் வழக்குத் தொடுப்பதற்கு ஒப்பானது இது.

விவகாரம் ஏடுகளில் வெளிவந்த பின்னர் ஏர்டெல் விளக்கம் அளித்தது. வாடிக்கையாளர் எத்தனை மெகாபைட் பயன்படுத்தினார் என்பதை அவரே அறிந்துகொள்ள உதவும் ஏற்பாடு இது. உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கையாளும் வழக்கமான தீர்வுதான். எரிக்சன் நிறுவனம் இதை வழங்கியது. வழக்கறிஞர் அறிவிக்கைக்கும் தமக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இதுவே அவ்விளக்கத்தின் சாரம். ஒரு ஜிபி தரவுக்கு 200 ரூபாய்க்கு மேல் வசூலிக்கப்பட்ட காலம் அது. தரவின் பயன்பாட்டை அளப்பதற்கான நிரலும் வாடிக்கையாளரின் தரவையே தின்றுதான் வந்து இறங்கியது. காவலுக்கு வந்தவனுக்கும் வீட்டுக்காரனே சோறு போட வேண்டும். ஆனால் காவலுக்கு யாரும் அவனை அழைக்கவில்லை!

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் சாதாரணப் பயனாளர் முதலில் தேடுவது, கணினியிலிருந்து அதை எப்படி நீக்குவது என்பதையே. அவர் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைப் பார்க்கிறார். உலாவியின் நீட்சிகளை ஒவ்வொன்றாக அகற்றுகிறார். முகப்புப் பக்கத்தை மாற்றுகிறார். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்குப் பணம் கட்டுகிறார். கடைசியில் இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக நிறுவுகிறார். மறுநாள் அதே விளம்பரம், அதே பட்டை மீண்டும் வந்து நிற்கிறது.

காரணம் எளியது. இணைப்புக் கம்பியைக் கணினியில் செருகும்போது இணைய சேவை நிறுவனம் தரும் குறுந்தகடு நிறுவிய மென்பொருள் என்றால், அதைக் கட்டுப்பாட்டுப் பலகத்தில் தேடி நீக்கிவிட முடியும். ஆனால் பெங்களூருவில் பிடிபட்டது அந்த வகை அல்ல. வலைப்பக்கம் வழங்கியிலிருந்து புறப்பட்டு வாசகரை வந்தடையும் வழியில், நிறுவனத்தின் வலையமைப்புக்குள் இருக்கும் பெட்டி அதைப் பிரித்து, நடுவே சில வரிகளைச் செருகி, மீண்டும் மூடி அனுப்புகிறது. பயனாளரின் கணினியில் நீக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நீக்கப்பட வேண்டியது நிறுவனத்தின் சொந்தக் கூடத்தில் இருக்கிறது.

வரிகளைச் செருக வேண்டுமானால் பக்கத்தைப் படித்தாக வேண்டும். விளம்பரத்தைவிட இதுவே பெரிய அபாயம். எந்தத் தோழர் எந்த ஏட்டைப் படிக்கிறார், எந்தத் தொழிற்சங்கத்தின் தளத்தைத் திறக்கிறார், எந்த நோயைப் பற்றித் தேடுகிறார் என்பவை அனைத்தையும் பார்க்கும் திறன் இல்லாமல் இந்தச் செருகல் நடைபெற முடியாது. இன்று மெகாபைட் கணக்கைக் காட்டும் பெட்டி, நாளை வேறொன்றைக் கணக்கெடுக்க வேண்டும் என்றால் அதற்குப் புதிய கருவி தேவையில்லை. புதிய உத்தரவு போதும்.

பழைய சட்டம் ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் காலனி ஆட்சியாளர்கள் தங்கள் ஆதிக்கத்துக்காக இயற்றியது. ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தை அரசுக்கு வாரி வழங்கியது. அந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவுகூட, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியைத் திருத்தும் தந்தி ஊழியருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்தது. அஞ்சலகத்தில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்த ஓர் ஊழியர் யாருடைய கடிதத்திலும் ஒரு சொல்லைச் சேர்க்கத் துணியமாட்டார். அது சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, தொழிலின் மானம் அது. தனியார் ஏகபோகத்தின் வலையமைப்பில் அதுவே "வழக்கமான தீர்வு" ஆகிவிட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43ஆவது பிரிவும் தெளிவாகவே இருக்கிறது. கணினியின் உரிமையாளரது அனுமதியின்றி அதனுள் கெடுநிரலைப் புகுத்துவது இழப்பீட்டுக்குரிய செயல். தீய நோக்கத்துடன் செய்தால் 66ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். இந்தச் சட்டத்தை 2015இல் யார் யாருக்கு எதிராக நீட்டினார்கள் என்பதைப் பாருங்கள். புகுத்தியதில் பங்குள்ளவர் கண்டுபிடித்தவருக்கு எதிராக நீட்டினார். ஏர்டெல் மீது இந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்க அன்றைய மத்திய அரசு எந்த அவசரமும் காட்டவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. பிரிட்டனில் பி.டி. நிறுவனம், போர்ம் என்ற விளம்பர நிறுவனத்துடன் சேர்ந்து 2006லும் 2007லும் தன் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்களது இணையப் போக்குவரத்தை ஆராயும் சோதனைகளை நடத்தியது. அமெரிக்காவில் வெரிசான், செல்பேசி வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வலைக் கோரிக்கையிலும் அழிக்க முடியாத அடையாள எண்ணைச் செருகியது. 2016இல் அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 13.5 லட்சம் டாலர். அந்த நிறுவனத்தின் வருவாயுடன் ஒப்பிட்டால் இது தேநீர்ச் செலவு. மறு ஆண்டே, இணைய சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட தனியுரிமை விதிகளை அமெரிக்க நாடாளுமன்றம் நடைமுறைக்கு வருமுன்பே ரத்து செய்தது.

இங்கே பொதுத்துறையைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். பி.எஸ்.என்.எல். அகன்ற அலைவரிசை வாடிக்கையாளர்களும் தங்கள் உலாவியில் விளம்பரங்கள் செருகப்படுவதாகப் பல ஆண்டுகள் புகார் கூறினர். பொதுத்துறை என்பதற்காக இதை நியாயப்படுத்த முடியாது. பொதுத்துறை என்பதாலேயே இது கூடுதலாகக் கண்டிக்கத்தக்கது. அதேவேளையில், அந்நிறுவனம் எந்த நிலைக்குத் தள்ளப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் 4ஜி சேவையில் கொழித்த ஆண்டுகளில் பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைக்கற்றை ஒதுக்கப்படவில்லை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் பல்லாயிரக்கணக்கில் கெடுநிரல் தாக்குதலால் முடங்கின. அவற்றில் பெரும்பாலானவை தயாரிப்பாளர் வைத்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லுடனேயே இயங்கிவந்தன. அதை மாற்றித் தர ஒவ்வொரு வீட்டுக்கும் செல்லும் அளவுக்கு ஊழியர்களை வைத்திருக்க விடாதவர்கள், பிறகு பொதுத்துறையின் திறமையின்மை பற்றிப் பேசினார்கள்.

ஏர்டெல் விவகாரம் வெடித்த அதே 2015, இணையச் சமத்துவத்துக்கான போராட்டத்தின் ஆண்டும் ஆகும். அந்த ஏப்ரலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய் அமைப்புக்குச் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான தரவுக் கட்டணங்கள் தடைசெய்யப்பட்டன; பேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' நடையைக் கட்டியது. 2018இல் சேவை நிறுவனங்களின் உரிமங்களிலேயே, உள்ளடக்கத்தில் பாகுபாடோ கட்டுப்பாடோ தலையீடோ கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. 'தலையீடு' என்ற அந்தச் சொல்லுக்குள் நிரல் செருகலும் அடங்கும் என்று வாதிட முழு இடம் உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அதைச் செயல்படுத்த வேண்டிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல்தான் வந்தது. வந்ததும், அரசு முகமைகளுக்கு விரிவான விலக்களித்தது; போகிற போக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் வெட்டியது.

நடைமுறையில் இந்தச் செருகலைப் பெருமளவு குறைத்தது சட்டமல்ல, மறையாக்கம். வலைத்தளத்தின் முகவரி 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கினால், வழியில் இருப்பவரால் பக்கத்தைப் படிக்கவோ திருத்தவோ இயலாது. அதற்கான சான்றிதழை முன்பு சிறு தளங்கள் பெரும்பாலும் பணம் கொடுத்தே பெற வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. சிறு ஏடுகளும் சங்கங்களும்கூடத் தங்கள் தளத்தைப் பூட்டிக்கொள்ள முடிந்தது அதனால்தான். இதை எந்த ஏகபோக நிறுவனத்தின் தாராள மனமும் தரவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் முதலிய கூட்டுழைப்பின் மரபிலிருந்து வந்தது. பெங்களூருவில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்துவருவதும் அந்த மரபில்தான்.

ஆயினும் மறையாக்கம் உள்ளடக்கத்தைத்தான் மூடுகிறது. எந்தத் தளத்துக்குச் செல்கிறார் என்ற பெயர் இன்னமும் பெரும்பாலும் சேவை நிறுவனத்துக்குத் தெரியும். மெய்நிகர் தனியார் வலையமைப்பு மூலம் அதை மறைக்கலாம் என்றால், 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, அந்தச் சேவையை வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. சில நிறுவனங்கள் தங்கள் வழங்கிகளையே இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. கம்பியில் கதவு மூடப்பட்டதும், கருவிக்குள்ளேயே நுழையும் முயற்சி தொடங்கியது. 2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, புதிய செல்பேசிகள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு தனியார் நிறுவனம் கேட்காமல் செய்ததை, அரசு ஆணை போட்டே செய்ய முயன்றது.

கட்சி அலுவலகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் தோழர்களின் வீடுகளிலும் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. உலாவியின் அமைப்புகளில் 'எச்டிடிபிஎஸ் மட்டும்' என்ற தெரிவை இயக்கிவிட வேண்டும். தேவையற்ற நீட்சிகளையும், என்றோ அவசரத்தில் 'அனுமதி' கொடுத்துவிட்ட தளங்களின் அறிவிப்புகளையும் நீக்க வேண்டும். உலாவியில் எட்டிப்பார்க்கும் விளம்பரங்களில் பல இந்த அறிவிப்புகளே, அவற்றுக்குச் சேவை நிறுவனத்தைக் குறைகூறிப் பயனில்லை. இணைப்பு பொருத்த வருபவர் தரும் செயலியோ மென்பொருளோ இல்லாமலே இணையம் இயங்கும். அதை நிறுவ மறுக்கலாம். மோடத்தின் கடவுச்சொல்லை இன்றே மாற்ற வேண்டும்.

இவற்றுக்குப் பின்னும் ஒரே பக்கம் ஓர் இணைப்பில் விளம்பரத்துடனும் மற்றோர் இணைப்பில் விளம்பரமின்றியும் தெரிந்தால், இரண்டையும் நாள், நேரத்துடன் படமெடுத்து வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் புகார் பதிந்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். அங்கே தீர்வு இல்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு உண்டு. தொலைத்தொடர்புப் புகார்களுக்கு நுகர்வோர் மன்றத்தில் இடமில்லை என்று 2009 முதல் நிறுவனங்கள் தப்பித்துவந்தன. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஒரே குடியிருப்பில், ஒரே தெருவில் ஒரே நிறுவனத்தின் இணைப்பை வைத்திருப்போர் சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கூட்டாகவே மனு அளிக்க முடியும்.