ஒகேனக்கலில் எந்த உலாவி ஓடும்?

நகரத்தில் உலாவிச் சண்டை என்பது கிட்டத்தட்ட ரசிகர் மன்றச் சண்டை மாதிரி. குரோமா, நெருப்பு நரியா (அதாங்க, பயர்ஃபாக்ஸ்), ஓபராவா என்று பக்கம் பக்கமாக வாதாடலாம். எது ஜெயித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதே கேள்வியை ஒகேனக்கலில் கேட்டால் கதையே வேறு.

பென்னாகரத்திலிருந்து காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை முடிகிற இடம் அது. சுற்றிலும் மலை, நடுவில் பாறைகளைப் பிளந்துகொண்டு காவிரி, எதிர்க்கரையில் கர்நாடகம். பார்க்க அழகு, சிக்னலுக்கு எமன். கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் பாறை நின்றால் அலை வலுவிழந்துவிடும். குறைந்த அலைவரிசையாவது கொஞ்சம் வளைந்து நெளிந்து வந்து சேரும், உயர்ந்த அலைவரிசைக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. போதாக்குறைக்கு விடுமுறை நாளில் வருகிற கூட்டம் அத்தனையும் அருவியைப் படமெடுத்து உடனே ஊருக்கு அனுப்பப் பார்க்கும். மீன் வறுத்து விற்கிறவர் க்யூஆர் அட்டையை நீட்டிவிட்டு, பணம் வந்ததா இல்லையா என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இடங்களுக்காகவே செய்தது போல 2006-ல் வந்தது ஓபரா மினி. பக்கத்தை நேராகக் கைப்பேசிக்குக் கொண்டுவராமல், தன் சர்வரில் திறந்து, சுருக்கி, சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். 2ஜி-யிலும் பக்கம் திறந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது, முகவரிப் பட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டி ஒரு அமைப்பை மாற்றினால் போதும், எழுத்துகள் படமாக வந்து இறங்கும். தமிழ்ப் பதிவுகளைக் கைப்பேசியில் முதன்முதலாகப் படித்த பலருக்கு அந்த மந்திரம்தான் வாசல் திறந்தது.

ஆனால் ஓசியில் ஒன்றும் வராது. பக்கம் வேறொருவர் சர்வரில் திறக்கிறது என்றால், அதில் தட்டுகிற கடவுச்சொல்லும் அந்த வழியாகத்தான் போகிறது. செய்தி படிக்க அது சரி, வங்கிக் கணக்குக்குச் சரியில்லை. இதே சுருக்கும் வித்தையால் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த யூசி பிரவுசர், பயனர் விவரங்களைக் கசியவிடுவதாக 2015-ல் கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

குரோமிலும் இப்படி ஒரு ‘லைட்’ வசதி இருந்தது. 2022-ல் கூகுள் அதை எடுத்துவிட்டது. பல நாடுகளில் டேட்டா விலை குறைந்துவிட்டது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. விலை குறைந்தது வாஸ்தவம்தான், 2016-ல் ஜியோ வந்த பிறகு இந்தியாவில் யார் மறுப்பார்கள்? ஆனால் பாறைக்குப் பின்னால் நிற்கிறவருக்கு விலை பிரச்சினையே இல்லை. ஒன்றரை ஜிபி பாக்கெட்டில் இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்றைக்கு அங்கே ஒருவர் கேட்டால் சொல்லக்கூடிய பதில், ஆண்ட்ராய்டில் பயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே. விளம்பரமும் உளவு நிரல்களும் இறங்காவிட்டால் பாதிச் சுமை குறையும். கைப்பேசிக் குரோமில் நீட்சி போட வழியில்லை.

ஆனாலும் உலாவியை மாற்று, அமைப்பை மாற்று என்று கிராமத்து ஆளிடமே எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது நியாயமா? 2001-ல் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் வைத்தார்கள். வேகம் 35, மிஞ்சினால் 70 கிலோபிட். அதை வைத்துக்கொண்டே கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். மெதுவாக இருந்தாலும் அறுந்து போகாத இணைப்பும், எடை குறைந்த பக்கமும் இருந்தால் காரியம் நடக்கும். இன்றைக்குத் தலைகீழ். வேகம் மெகாபிட்டில் பேசுகிறது, ஒரு விண்ணப்பப் பக்கத்தின் முகப்பில் மட்டும் நாலு தலைவர் படம் நகர்கிறது.

2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறிவிட்டது. விருப்பக் கல்லூரிப் பட்டியலைக் கெடு முடிவதற்குள் பூட்ட வேண்டும். சென்னை மாணவர் இரவு பதினொரு மணிக்கும் மாற்றி அடுக்கலாம். மலையடிவாரத்து மாணவர் உதவி மையத்துக்கோ பிரவுசிங் சென்டருக்கோ பஸ் ஏற வேண்டும். கட்-ஆஃப் ஒன்றாக இருந்தும் இரண்டு பேருக்கும் கிடைக்கிற அவகாசம் ஒன்றல்ல.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் இழை ஊராட்சி அலுவலகத்துச் சுவரோடு நின்றால், பூட்டுகிற நேரத்துக்கு இணையமும் பூட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் நிலையம் வரைக்கும் அது போக வேண்டும்.

அதுவரை, உதவித்தொகைப் படிவம் வடிவமைக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலிவான கைப்பேசி ஒன்றோடு ஒகேனக்கல் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, தங்கள் படிவத்தைத் தாங்களே நிரப்பிப் பார்க்கலாம். முதல் பக்கம் திறப்பதற்குள் பரிசலில் ஒரு சுற்று போய் வந்துவிடலாம் :-)