தாய்மை நலம்: இருவருக்காகச் சாப்பிட வேண்டுமா?



பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்ததும் வீட்டில் முதலில் பெருகுவது தட்டில் விழும் சோறுதான். "இரண்டு உயிருக்குச் சாப்பிடம்மா" என்று மாமியாரும் பெரியம்மாவும் பரிமாறுவார்கள். அன்பில் குறையில்லை; கணக்கில்தான் பிழை. முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவே தேவையில்லை. அதன் பிறகும் நாளொன்றுக்கு ஒரு குவளைப் பால், ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் கூடினால் போதும்.

உடல் பருத்தவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ஐந்தடி உயரமுள்ள பெண் கர்ப்பத்துக்கு முன்பே 70 கிலோ இருந்தால் அது பருமன். பிரசவம் வரை அவருக்கு 5 முதல் 9 கிலோ கூடினால் போதும்.

பருமனால் என்ன கெடுதல்? முதலாவது, கர்ப்பகால நீரிழிவு. தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறி வளர்கிறது. பிரசவத்தில் தோள் சிக்கலாம். அறுவை செய்து எடுக்கவும் நேரலாம். இரண்டாவது, இரத்தக் கொதிப்பு. அது முற்றினால் வலிப்பு வந்து தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. மூன்றாவது, காலில் இரத்தம் உறைதல்.

கர்ப்பகால நீரிழிவு பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால்தான் கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். "ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். போன சம்பளத்தைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.

இளைக்க வேண்டுமென்று பட்டினி கிடப்பதும் தவறு. சோற்றைக் குறைத்து கீரை, காய், மீன், பருப்பைக் கூட்டுங்கள். டின் பால் கலந்த தேத்தண்ணீரையும் இனிப்புப் பானங்களையும் விடுங்கள். டாக்டர் வேண்டாமென்று சொல்லாதவரை தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், மேல்வயிற்று வலி, பிள்ளையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: கிளினிக்குக்குப் போகும் நாளை நீங்களும் நினைவில் வைத்திருங்கள். கொழுகொழுவென்ற பிள்ளையைவிட, நலமான தாயின் மடியில் நலமான பிள்ளையே வீட்டுக்கு அழகு.