சரிகைக்கும் ஒரு பரீட்சை

காஞ்சியில் வளர்ந்தவர்க்குச் சரிகையை விளக்க வேண்டியதில்லை. பட்டு நூலின்மேல் தட்டை வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவது அசல் சரிகை. அதை எடுத்துப் பார்ப்போர் "வெள்ளி எவ்வளவு?" என்றே கேட்கிறார்கள். "கடினம் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளிக் கம்பியை அச்சுத் துளைகளில் இழுக்க இழுக்க அது மெலியும், கடினமும் ஏறும். அளவு மீறினால் அறுந்துபோகும். சூடேற்றினால் மீண்டும் இளகும். எப்போது சூடேற்றுவது என்பதை அனுபவசாலியின் கை அறியும். ஆனால் கையின் அறிவைப் பிறருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. எண்ணை எழுதிக் கொடுக்கலாம்.

1900-இல் சுவீடன் நாட்டுப் பிரினெல், குண்டொன்றை உலோகத்தில் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தைக் கொண்டு கடினத்தைக் கணக்கிட்டார். அவருடைய 10 மில்லிமீட்டர் குண்டை மெல்லிய கம்பி தாங்காது. அதற்கு விக்கர்ஸ் முறை உண்டு: கம்பியைப் பிசினில் பதித்து மெருகிட்டு, வைரக் கூம்பகத்தைச் சில கிராம் எடையால் அழுத்தி, தடத்தின் மூலைவிட்டத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். உரைகல் தூய்மைக்குச் சாட்சி. இத்தடம் கடினத்துக்குச் சாட்சி. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

நண்பர்களே, யங் குணகம் கண்டு மதிப்பெண் பெறுகிறோம். நம்மில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். நம் ஆய்வகத்தில் இக்கருவி ஒன்று இருக்குமானால், நம் பாடம் சரிகைப் பட்டறைக்கும் பயன்படும். பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக!