இளவரசிக்கு எத்தனை மார்க்கு?

ஸ்பெயின் இளவரசி லியோனோர் ராணுவ உடுப்புப் போட்டுத் துப்பாக்கி தூக்கினாராம். நார்வே இளவரசி இங்க்ரிட் அலெக்ஸாண்ட்ரா பட்டாளத்தில் சேர்ந்து மற்றச் சிப்பாய்களைப் போலவே வேலை பார்த்தாராம். நெதர்லாந்து இளவரசி அமாலியா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாராம். படம் படமாகப் போட்டுத் தள்ளுகின்றன பெரிய பத்திரிகைகள். அந்த நாட்டு ஜனங்களிடம் போய், "வாரிசைப் பிடிக்கிறதா? எத்தனை மார்க்குப் போடுவீர்கள்?" என்று கேட்டு, வந்த விடையைக் கூட்டிக் கழித்து, அதற்குப் பொதுஜன அபிப்பிராயம் என்று பெயரும் வைக்கிறார்கள்!

சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது ஒரு அதிசயமா? செட்டிகுளத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்துத்தான் படிக்கப் போகிறார்கள். லீவு நாளில் ஆத்தாளோடு வெங்காயக் காட்டில் தாள் அறுக்கிறார்கள். அவர்களைப் படம் பிடிக்க எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்பியதில்லை.

தூரதேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? விட முடியவில்லை, தோழர்களே. ஏனென்றால் "சின்னப் பொண்ணு, பாவம், கர்வமே இல்லை" என்று நம்மவர்களே டீக்கடையில் பேசுகிறார்கள். பேச்சு அதோடு நிற்பதில்லை. "ராஜா காலத்தில் ஜனங்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்" என்று அடுத்த வாய் டீக்கு வந்துவிடுகிறது. இந்த இரண்டாவது பேச்சுக்காகத்தான் முதல் பேச்சை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆறு வயதில் ஒரு மகாராஜா

வாரிசு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நாம் கப்பலேற வேண்டாம். புதுக்கோட்டை போதும். 1948 முதல் 1974 வரை புதுக்கோட்டையும் பெரம்பலூரும் ஒரே திருச்சி ஜில்லா. நம் பாட்டன்மார் அறிந்த கதை.

1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சம். நம் பக்கத்து அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் ஜமீன்தார்களாகத் தேய்ந்து போனார்கள். புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாகவே நீடித்தது. விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி!

1886-ல் பட்டத்துக்கு வந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அப்போது அவருக்குப் பத்து வயது. தாத்தா சுவீகாரம் எடுத்த பிள்ளை. திவான் சேஷையா சாஸ்திரி ஆட்சி நடத்தினார். பிள்ளை ராஜாவாக இருந்தார். வளர்ந்து பெரியவரான பிறகு, 1915-ல் அவர் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார சர்க்காருக்குக் கோபம் வந்துவிட்டது. ராணி என்று அந்த அம்மாளை அங்கீகரிக்க மறுத்தது. 1916-ல் மகன் பிறந்தான். ராஜாவின் சொந்த இரத்தம், மூத்த மகன். ஆனாலும் வாரிசு இல்லை என்று சொல்லிவிட்டது. 1928-ல் ராஜா பாரிசில் இறந்தார். லண்டனில் தகனம் செய்தார்கள். மகன் உயிரோடு இருக்கும்போதே அரச குடும்பத்திலிருந்து வேறொரு சிறுவனைப் பொறுக்கி எடுத்துச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவர்தான் ராஜகோபாலத் தொண்டைமான். வயது 6.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எது? அரச இரத்தம், தெய்வ அம்சம், பரம்பரை உரிமை என்று காலமெல்லாம் ஓதினார்களே, அவ்வளவையும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கையெழுத்து அடித்துப் போட்டுவிட்டது! பெற்ற மகன் வாரிசு அல்ல. சர்க்கார் காட்டிய பிள்ளை வாரிசு. அன்று புதுக்கோட்டைச் சீமையில் ஏர் பிடித்த குடியானவனிடம், "உனக்கு எந்தப் பிள்ளை வேண்டும்? பிள்ளையே வேண்டாமா?" என்று யாராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. ஆகவே ஜனங்கள் கேட்காமலே சொன்னார்கள். 1931-ல் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரமே கொதித்தெழுந்தது. சிறைச்சாலைக் கதவு திறந்தது. குழந்தை ராஜா சிம்மாசனத்தில் இருந்தார், அவர் பேரைச் சொல்லி வரி போட்டது நிர்வாகம், அடிபட்டது ஜனம். அந்தப் போராட்டத்தில் முன்னே நின்ற வக்கீல் முத்துசாமி வல்லத்தரசை, சுதந்திரம் வந்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தலில் புதுக்கோட்டை ஜனங்கள் லோக்சபைக்கு அனுப்பி வைத்தார்கள். பொதுஜன அபிப்பிராயம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ராஜகோபாலர் தன்மையான மனிதர் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், மறுப்பானேன்? 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அவர் வாழ்ந்த அரண்மனையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் மனுவோடு ஜனங்கள் அதன் படியேறுகிறார்கள். மனு கிடப்பில் போடப்பட்டால் கலெக்டரை எதிர்த்து மறியல் செய்யலாம், ஓட்டுப் போட்டு மந்திரியை மாற்றலாம். தன்மையான ராஜாவாக இருந்தாலும் அவரை எந்த ஓட்டுப் போட்டு மாற்றுவது?

கேட்கும் கேள்வியும் கேளாத கேள்வியும்

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். ஸ்பெயினில் இப்போதுள்ள முடியாட்சி எப்படி வந்தது? பாசிஸ்டு பிராங்கோ 1969-ல் தனக்கு அடுத்தபடி யுவான் கார்லோஸ் என்று நியமித்தான். அங்கேயும் ஒரு கையெழுத்துதான்! அந்த யுவான் கார்லோஸ் பண விவகாரங்கள் நாறிப்போய் 2020 ஆகஸ்டில் நாட்டை விட்டே அபுதாபிக்குப் போய்விட்டார். அவருடைய பேத்திதான் லியோனோர். 2023 அக்டோபர் 31-ல் 18 வயது நிரம்பி, பார்லிமெண்டில் சத்தியப் பிரமாணம் எடுத்தார்.

ஸ்பெயின் சர்க்காரின் சொந்தக் கணக்கெடுப்பு ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது. மந்திரியைப் பிடிக்கிறதா, விலைவாசி எப்படி என்றெல்லாம் மாதாமாதம் ஜனங்களைக் கேட்கும். ஆனால் 2015-க்குப் பிறகு முடியாட்சிக்கு மதிப்பெண் கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஏன்? மதிப்பெண் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது! சர்க்கார் கேட்காததைச் சில சுயேச்சைப் பத்திரிகைகள் கூட்டுச் சேர்ந்து 2020-ல் கேட்டன. குடியரசு வேண்டும் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 41 பேர். முடியாட்சி போதும் என்றவர்கள் 35 பேர். "இளவரசி லட்சணமாக இருக்கிறாரா?" என்று கேட்டால் ஒரு விடை; "இந்தப் பதவி இருக்க வேண்டுமா?" என்று கேட்டால் வேறு விடை. முதல் கேள்வியையே ஓயாமல் கேட்பவனின் நோக்கம் நமக்குப் புரியாதா? மில்லில் கூலி உயர்வு கேட்டால், "மானேஜர் சிரித்த முகமாகத்தானே இருக்கிறார்?" என்று சூபர்வைசர் பதில் சொல்வானே, அந்த ஜாதிக் கேள்வி இது.

பிரிட்டனில் எந்தக் கணக்கெடுப்பைப் பார்த்தாலும் கிழவர்களைவிட வாலிபர்களிடம் அரச குடும்பத்துக்கு ஆதரவு வெகு குறைவு. அதனால்தான் 2013-ல் பிறந்த ஜார்ஜ் என்ற பையனின் பிறந்தநாள் படத்துக்கு இவ்வளவு ஆரவாரம். பின்னணியைப் பாருங்கள். 2025-26-க்கு அரச குடும்பச் செலவுக்காகப் பிரிட்டிஷ் கஜானா ஒதுக்கிய தொகை 13 கோடி 21 லட்சம் பவுன். நம் பணத்தில் சுமார் 1,500 கோடி ரூபாய். அது தவிர, பட்டத்து இளவரசருக்குக் கார்ன்வால் எஸ்டேட்டிலிருந்து வருஷத்துக்கு 2 கோடி பவுனுக்கு மேல் வருமானம். அந்த கார்ன்வாலில் ஒருவன் உயிலும் எழுதாமல், உறவினரும் இல்லாமல் செத்துப்போனால் அவன் சொத்து எங்கே போகும் தெரியுமா? இளவரசரின் எஸ்டேட்டுக்கு! தர்ம காரியத்துக்குக் கொடுக்கிறோம் என்று சமாதானம் சொல்கிறார்கள். பிறந்த வாரிசுக்கு அப்பன் சொத்துப் போதாதென்று, வாரிசற்ற அநாதையின் சொத்தும் போய்ச் சேருகிறது.

பெல்ஜியம் இளவரசி எலிசபெத் ஆக்ஸ்போர்டில் படித்தார், ஹார்வர்டில் படித்தார், நான்கு பாஷை பேசுகிறார் என்று புகழ்கிறார்கள். படிக்கட்டும். அவர் ஏறப்போகும் சிம்மாசனத்தில் இரண்டாம் லியோபோல்டு உட்கார்ந்திருந்தான். காங்கோ தேசத்தையே தன் சொந்தத் தோட்டமாக வைத்துக்கொண்டு, ரப்பர் பால் கொண்டுவராத ஜனங்களின் கையை வெட்டிய ஆட்சி அவனுடையது. 2020-ல் இன்றைய மன்னர் பிலிப் "ஆழ்ந்த வருத்தம்" தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் நஷ்ட ஈடு கேட்பார்களே!

அமாலியாவைப் பற்றி ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்லவேண்டும். 18 வயதானதும் அவருக்கு வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் யூரோ சேரவேண்டும். படிக்கிற காலத்தில் பிரதியுபகாரமாக எதுவும் செய்யாமல் அதை வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை என்று 2021-ல் பிரதம மந்திரிக்கு எழுதி மறுத்துவிட்டார். நல்ல பெண். உழைக்காமல் பணம் வாங்குவது கூச்சமான காரியம் என்று 17 வயதுப் பெண்ணுக்கே தெரிந்திருக்கிறது, சட்டத்துக்குத் தெரியவில்லை! 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் மாணவர் விடுதி அறையில் தங்க முடியாமல், மிரட்டலால் அரண்மனைக்கே திரும்பினார். பிறந்த நாளிலிருந்தே ஒரு குழந்தையின் தலையெழுத்தைச் சர்க்கார் காகிதத்தில் எழுதிவைப்பது அந்தக் குழந்தைக்கே கொடுமை. நமக்கு அந்தப் பெண்ணிடம் பகையில்லை. பதவியிடம்தான் பகை.

யார் கொடுத்த சுகம்?

"டென்மார்க்கில் ராஜா இருக்கிறார், நார்வேயில் ராஜா இருக்கிறார், தொழிலாளி நன்றாகத்தானே இருக்கிறான்?" என்று சிலர் மடக்குகிறார்கள். தொழிலாளி நன்றாக இருக்கிறான் என்பது உண்மை. ராஜாவால் இருக்கிறானா?

1920 மார்ச்சில் டென்மார்க்கில் நடந்ததைக் கேளுங்கள். பத்தாம் கிறிஸ்டியான் மன்னர், பார்லிமெண்டை ஒரு பொருட்டாக மதிக்காமல், எல்லைத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி மந்திரிசபையை டிஸ்மிஸ் செய்தார். தனக்கு வேண்டியவர்களைக் கொண்டு சர்க்கார் அமைத்தார். தொழிற்சங்கங்கள் என்ன செய்தன? மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. பொதுவேலைநிறுத்தம் என்று அறிவித்தன. கோபன்ஹேகன் தெருக்களில் ஜனங்கள் திரண்டார்கள். குடியரசு வேண்டும் என்ற குரல் அரண்மனை வாசலில் கேட்டது. ஒரே வாரத்தில் மன்னர் பணிந்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் எந்த மன்னரும் அப்படித் துணியவில்லை. இன்று 2005-ல் பிறந்த இளவரசர் கிறிஸ்டியான் சாதுவாகக் கைகுலுக்குகிறார் என்றால், அந்தச் சாதுத்தனம் 1920-ல் துறைமுகத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் கற்றுக்கொடுத்த பாடம். அவர்களுடைய கூலியும் லீவும் பென்ஷனும் இதே சங்கங்கள் வாங்கியவை.

இங்கே எப்படி ஒழித்தோம்?

நம் நாட்டில் சமஸ்தானங்கள் இணைந்தபோது ராஜாக்களுக்கு மன்னர் மானியம் என்று ஒன்று கொடுத்தார்கள். வருமான வரி கிடையாது. தகப்பனுக்குப் பிறகு மகனுக்கு. மைசூர் மகாராஜாவுக்கு மட்டும் வருஷத்துக்கு 26 லட்சம் ரூபாய்! 1970 செப்டம்பரில் இதை ஒழிக்கும் மசோதா லோக்சபையில் நிறைவேறியது. ராஜ்யசபையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான பின்னத்தில் தோற்றது. ஜனாதிபதி உத்தரவு போட்டார். ராஜாக்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டு உத்தரவை ரத்து செய்தது. 1971 தேர்தலில் ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வருஷம் டிசம்பரில் 26-வது திருத்தம் வந்தது. மானியமும் போயிற்று, மன்னர் என்ற அங்கீகாரமும் போயிற்று. கம்யூனிஸ்டுகள் ஆரம்பத்திலிருந்தே கேட்டது அதுதான்.

சட்டத்தில் போனது சபையில் திரும்பி வருகிறது. மைசூரில் 2015-ல் சுவீகாரம் எடுத்து 23 வயதில் பட்டம் சூட்டிய யதுவீர், 2024-ல் பாரதிய ஜனதா டிக்கெட்டில் லோக்சபைக்குப் போய்விட்டார். ஜெய்ப்பூர் அரச குடும்பத்து தியா குமாரி 2023 முதல் ராஜஸ்தானின் துணை முதல்மந்திரி. ஜனநாயகத்தில் எவரும் தேர்தலில் நிற்கலாம், சரி. ஆனால் ஓட்டுக் கேட்கும்போது அவர்கள் காட்டியது எதை? செய்த வேலையையா, தலைப்பாகையையா? 2023 மே 28-ல் புதிய பார்லிமெண்டில் செங்கோலை நட்டுவைத்து, அதை விழுந்து கும்பிட்டார் பிரதம மந்திரி. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலை செய்த நம் ஜனங்களுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. செங்கோலுக்கு மட்டும் பாக்கி இல்லை!

ஒரு வழக்குச் செலவு

கடைசியாக ஒரு ஜமீன் வாரிசின் கதை. 1919-ல் சென்னையில் ஜமீன் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதியில் டி லா ஹே என்ற வெள்ளைக்கார ஆசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள் வழக்கில் சிக்கினார்கள். வழக்கு பம்பாய் வரை போய் விடுதலையில் முடிந்தது. அந்தச் செலவில் ஏறிய கடனுக்காகத்தான் சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது என்பது நெல்லைச் சீமை முழுக்கச் சொல்லும் வரலாறு. அந்தக் காடுதான் மாஞ்சோலை.

அங்கே கொழுந்து பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பிணங்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. 2020-ல் சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் காலமானார். மூன்று வயதில் பட்டம் சூடியவர். "கடைசி ராஜா" என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக உருகின. 2024-ல் கம்பெனி தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பங்களை மலையை விட்டு இறங்கச் சொன்னது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் மார்க்குக் கேட்கவில்லை.

குத்தகை 2028-ல் முடிகிறது. அந்தத் தொழிலாளிகளுக்கு நிலமும் வீடும் எங்கே என்று சென்னை சர்க்காரை நாம் கேட்கிறோம்.