நடுக்கடலில் அபாய பட்டனை அழுத்தினால் கேட்பது யார்?

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே போனில் டவர் போய்விடும். குமரி மாவட்டம் தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் விசைப்படகுகளோ வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை.

அதனால், அபாய சமிக்ஞைக் கருவி வாங்கும்போது விலை, வாட்டர்புரூஃப் எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி: இதை அழுத்தினால் யாருக்குப் போகும்? போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும்?

உலகம் முழுக்க ஏற்கப்பட்டது இ.பி.ஐ.ஆர்.பி. 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் சமிக்ஞையை காஸ்பாஸ்-சர்சாட் அமைப்பின் செயற்கைக்கோள்கள் பிடிக்கும். இந்தியாவில் தகவல் பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஜி.பி.எஸ். உள்ள மாடல் என்றால் தேட வேண்டிய பரப்பு ரொம்பவே சுருங்கிவிடும். ஆனால் கருவியின் அடையாள எண்ணைப் படகு விவரம், வீட்டு போன் நம்பரோடு பதிவு செய்யாவிட்டால், ஆபத்தில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவியை வாங்குவது வீண். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதில்லை.

நம் மீனவர்கள் பலர் கையில் இருப்பது இஸ்ரோ உருவாக்கிய டி.ஏ.டி. 2024 ஜனவரி வாக்கில் பயன்பாட்டில் இருந்தவை 20,000-க்கும் மேல். முதல் தலைமுறைக் கருவியில் ஒரு பெரிய குறை: அழுத்தலாம், பதில் வராது. கேட்டார்களா இல்லையா என்று தெரியாமல் அலையில் காத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி அதைச் சரி செய்தது. 'கிடைத்தது' என்று கரையிலிருந்து பதில் வரும். புயல் எச்சரிக்கையும் வரும். புளூடூத்தில் போனோடு இணைத்தால் தாய்மொழியிலேயே படிக்கலாம். பழையதை வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அரசு மாற்றித் தர வேண்டும். இதில் தாமதத்துக்கு நியாயமே இல்லை.

ஆனாலும் ஆழ்கடல் படகுக்கு டி.ஏ.டி. மட்டும் போதாது. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே அதிகாலையில் கப்பல் மோதி ஒரு மீன்பிடிப் படகு உடைந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்துக்காரர்கள். தூக்கத்தில் இருக்கும்போது படகு உடைந்தால், பட்டனைத் தேடி எடுக்க யாருக்கு நேரம்? தானியங்கி இ.பி.ஐ.ஆர்.பி. என்றால், படகு மூழ்கும்போது நீரழுத்தத்தில் தானே கழன்று மிதந்து, குறைந்தது 48 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். விலை கூடுதல்தான். வலைக்கும் டீசலுக்கும் ஆகிற செலவோடு சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதில்லை.

வாங்கினால் மேற்கூரை மாதிரி திறந்த இடத்தில் மாட்டுங்கள். திருடு போகும் என்று வீல்ஹவுஸுக்குள் பூட்டி வைத்தால் அது படகோடு சேர்ந்து மூழ்கும். பேட்டரி காலாவதி தேதியும், கழற்றிவிடும் பாகத்தின் தேதியும் கருவி மேலேயே போட்டிருக்கும். அடுத்த தங்கலுக்குக் கிளம்பும் முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.