வீட்டில் பழைய வொல்வோ இருந்தால் கையில் ஸ்பேனரும் இருக்கட்டும்



எமது ஊர்களில் சில வீட்டு வாசல்களில் இன்னும் பழைய வொல்வோ கார்கள் நிற்கின்றன. வாப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய 240, 740, 940. பெட்டி மாதிரி உடம்பு, கனமான கதவு. இந்தக் கார்களைப் பற்றி எம்மவரிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, "வொல்வோ சாகாது". மற்றது, "வொல்வோ வைத்திருந்தால் செலவிலேயே நாம் செத்துவிடுவோம்". முதல் கதையை நம்பிப் பத்து வருடம் கவனிக்காமல் விடுகிறோம். பிறகு இரண்டாவது கதையைச் சொல்லி இரும்புக் கடைக்குக் கொடுக்கிறோம்.

இரண்டு கதையும் பாதிதான் சரி. பழைய கார் நின்று உழைப்பதும் எமது பையைக் காலி செய்வதும் பெரும்பாலும் ஒரே விடயத்தில்தான் தங்கியிருக்கிறது. அதன் சொந்தக்காரர் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்குகிறாரா, இல்லையா? சின்ன வேலைகளை நாமே செய்யப் பழக வேண்டும். பெரிய வேலைகளை விளங்கிக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஏன் இதை இப்போது பேச வேண்டும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐயும் தாண்டியது. திறந்த கதவால் வருகின்ற வாகனங்களின் விலை, வரியோடு சேர்த்து, மாதச் சம்பளக்காரருக்கு எட்டுகின்ற விலையல்ல. எமது இளம் குடும்பங்கள் பல லீசிங்கில் விழுகின்றன. வட்டியைப் பற்றி வெள்ளிக்கிழமை கேட்கிறோம், திங்கட்கிழமை கையொப்பம் வைக்கிறோம். வாசலில் ஓடக்கூடிய கார் ஒன்று நிற்கும்போது, அதைக் கவனிக்கத் தெரியாத காரணத்தால் கடனாளியாவது பெரிய இழப்பு.

இனி அந்தக் காரைப் பற்றி. வொல்வோ 200 வரிசை 1974 முதல் 1993 வரை உற்பத்தியானது. 28 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன. 240இன் பொனட்டைத் திறந்து பாருங்கள். எஞ்சினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும். ஒயில் பில்டர், பிளக், பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பின் சக்கரத்தால் ஓடும் கார் என்பதால் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. இன்றைய சிறிய கார்கள் சிலவற்றில் ஒரு பல்பு மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டி வருகிறது. அந்த வகையில் பழைய வொல்வோ படிப்பதற்கு நல்ல கார்.

வேறொரு மொடலைப் பற்றியும் ஒரு தகவல். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இர்வ் கோர்டன் என்றொரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். 1966இல் ஒரு வொல்வோ பி1800 வாங்கினார். தினமும் பாடசாலைக்குப் போய்வர சுமார் 200 கிலோமீற்றர். 2013இல் அதே கார் 30 இலட்சம் மைலைத் தாண்டியது. ஒரே சொந்தக்காரர் ஓட்டிய தூரத்தில் அது உலக சாதனை. 2018இல் அவர் காலமானார். பெரும்பாலான பராமரிப்பை அவரே செய்தார். இரகசியம் என்னவென்று கேட்டவர்களுக்கு அவர் சொன்னது, கார்க் கையேட்டில் எழுதியிருப்பதை அந்தந்தக் காலத்தில் செய்யுங்கள் என்பதுதான். ஆசிரியர்களான எங்களுக்கு இது பழக்கமான பேச்சு. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பிள்ளைக்கும் தினமும் படிக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கொப்பி. எந்தத் திகதி, எத்தனை கிலோமீற்றர், என்ன மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். கொப்பி இல்லாத காரில் மெக்கானிக்கும் குத்துமதிப்பில்தான் வேலை செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஒயிலும் தண்ணீரும். வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில் நிறுத்திப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். எமது கடலோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு. உப்பும் கல்சியமும் உள்ளே போய்த் துருவையும் அடைப்பையும் உண்டாக்கும். கூலன்ட்டைச் சுத்திகரித்த தண்ணீரோடு கலந்து ஊற்றி, கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முகமும் கையும் வெந்துபோகும்.

மூன்றாவது, பியூஸ். 240இல் முன்பக்கம் கால் வைக்குமிடத்தின் பக்கவாட்டில் பியூஸ் பெட்டி இருக்கிறது. இரு முனையும் கூரான, சின்னத் தோட்டா போன்ற பியூஸ்கள். கல்முனை, காத்தான்குடி, புத்தளம், பேருவளை என்று எமது ஊர்கள் பல கடலோரத்தில். உப்புக் காற்றில் அந்த முனைகள் பூத்துப்போகும். லைட் மங்கும், வைப்பர் நிற்கும், சிலவேளை காரே நிற்கும். "வயரிங் முழுக்கப் போயிற்று" என்று பெரிய தொகை கேட்பதற்கு முன், பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முனைகளைச் சுத்தம் செய்து பாருங்கள். மெல்லிய அரத்தாள் போதும். பழுதானதற்கு அதே அம்பியரில் புதியது போடுங்கள். சிகரெட் தாளின் ஈயத்தைச் சுற்றிப் போடுவது காருக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

நான்காவது, எஞ்சினின் மூச்சு. 240, 740, 940இல் வந்த நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில், உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் குழாயில் விரலளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். கடையில் பிளேம் ட்ரெப் என்று கேட்கலாம். அது கரியால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எஞ்சினின் பின் சீலால் ஒயில் கசியும். அந்தச் சீலை மாற்ற கியர்பெட்டியையே இறக்க வேண்டும். சின்னச் சோதனை ஒன்று: எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே வையுங்கள். மூடி துள்ளினால், புகை தள்ளினால், உள்ளே மூச்சு முட்டுகிறது. சில நூறு ரூபா வேலையை விட்டால் பல்லாயிரம் ரூபா வேலை வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

ஐந்தாவது, இன்ஜெக்ஷன் உள்ள மொடல்களில் பெற்றோல் பம்புக்கான ரிலே. வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அடித்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. ஆறிய பிறகு பிடிக்கும். பல தடவை காரணம், அந்த ரிலேக்குள் ஈயம் பற்றவைத்த இடத்தில் முடி போன்ற வெடிப்பு. ரேடியோ திருத்துபவர் பத்து நிமிடத்தில் பற்றவைத்துத் தருவார். இது தெரியாமல் பம்பையே மாற்றிய வீடுகள் உண்டு.

டைமிங் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது இந்தக் கார்களின் பொதுவான கணக்கு. எட்டு வால்வு பெற்றோல் எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் கார் நிற்கும், அவ்வளவுதான். டீசலிலும் 16 வால்விலும் அறுந்தால் வால்வு வளையும், எஞ்சினே போகும். உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, செய்யக் கூடாதது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் பழகாத கைக்குரியவை அல்ல. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது எமது வேலை. அதை மாற்றிக் காற்றெடுப்பது தெரிந்தவரின் வேலை. மூன்று முனை ஆசனப்பட்டியை 1959இல் உலகுக்குக் கொடுத்த கம்பனியின் கார் இது. ஆனால் பிரேக் பிடிக்காத வொல்வோ எந்த வகையிலும் பாதுகாப்பானதல்ல. அதேபோல் வெறும் ஜெக்கில் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சீமெந்துக் கல் அடுக்கியும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். எக்ஸல் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அந்த வேலை கராஜுக்கு.

"எல்லாரும் தாங்களே செய்தால் கராஜ் வைத்திருக்கும் நானாமார் என்ன செய்வது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவருடைய வயிற்றில் அடிக்க நாம் சொல்லவில்லை. கொப்பியோடும் விளக்கத்தோடும் வருகின்ற வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் விரும்புவார். நோயைச் சொல்லத் தெரிந்த நோயாளியை வைத்தியர் விரும்புவது போல. தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் பார்ப்பவருக்குத்தான் இது கஷ்டம். பஞ்சிகாவத்தைக்குப் போய் "வொல்வோவுக்கு ஒன்று தாங்க" என்று கேட்பவருக்கு ஒரு விலை, வருடமும் எஞ்சின் இலக்கமும் சொல்லிக் கேட்பவருக்கு இன்னொரு விலை.

இன்னொன்று. கழித்த ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். அது எமது கிணற்றுக்கும் களப்புக்கும்தான் போகும். போத்தலில் சேர்த்துச் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

கடைசியாக, பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பத் துறை இருக்கிறது. இருந்தும் எம்மில் பலர் அதை "மற்றத் துறை கிடைக்காத பிள்ளைக்கு" என்றுதான் நினைக்கிறோம். கையில் கிரீஸ் பட்டால் மரியாதை குறையும் என்று பிள்ளை எங்கே படித்தது? எம் வீட்டில்தான். பாடசாலை விடுமுறையில் ஒரு காலை மகனைப் பக்கத்தில் வைத்து ஒயில் பாருங்கள். மகளையும் கூப்பிடுங்கள். இன்று எத்தனையோ ஆசிரியைகள் தாங்களே கார் ஓட்டிப் பாடசாலைக்கு வருகிறார்கள். வெப்பமானி சிவப்பில் ஏறும்போது ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் அந்தக் காருக்கு வாப்பா வியர்வை சிந்திக் காசு கொடுத்தார். அதைத் துருப்பிடிக்க விடுவதும் வீண்விரயம்தான். இந்த வாரம் பொனட்டைத் திறந்து, கொப்பியின் முதல் வரியை எழுதுங்கள். தெரியாததை ஊரிலுள்ள நல்ல மெக்கானிக்கிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கார் இன்னும் பல வருடம் உங்கள் பிள்ளைகளையும் சுமக்கும்.