பாட்டில் கரையாத அழுகுரல்

1996 டிசம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ‘மிஸஸ் சாண்டா கிளாஸ்’ என்னும் இசைப்படத்தை ஒளிபரப்பியது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மனைவியாக ஏஞ்சலா லான்ஸ்பரி நடித்தார். பாடல்களை ஜெரி ஹெர்மன் இயற்றினார். கதை நிகழ்வது 1910-ஆம் ஆண்டு நியூயார்க்கில். பொம்மைத் தொழிற்சாலையில் சிறுவர்கள் வாடுகிறார்கள். மூதாட்டி அவர்களுக்காகப் போராடுகிறார். எல்லாம் இனிதே முடிகிறது.

மாட்டுத்தொழுவம் இல்லாத கிறிஸ்துமஸ் படமா என்று குறை கூறுவோருடன் நாம் சேரமாட்டோம். உழைக்கும் சிறுவரைக் கதையின் நடுவே நிறுத்திய படம் தொழுவத்திற்கு அருகில்தான் நிற்கிறது. நம் வழக்கு வேறு. அச்சிறுவரின் துயரம் ஒன்றரை மணி நேரத்திற்குள் பாட்டில் கரைந்துவிடுகிறதே, அது தகுமா?

கதை நிகழும் காலத்திற்கு மறு ஆண்டு, 1911 மார்ச் 25 அன்று, அதே நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. தப்பும் வழிக் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறிய யூத, இத்தாலிய இளம்பெண்கள். 14 வயதுச் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். அதன் பின்னரே நியூயார்க் மாநிலம் தொழிற்சாலைச் சட்டங்களைத் தீவிரமாகத் திருத்தியது. அங்கே முதலாளிகளின் மனத்தை எந்தப் பாடலும் மாற்றவில்லை.

விழாக்காலப் படத்தில் இத்துயரம் எதற்கு என்பர் சிலர். திருச்சபையின் நாள்காட்டி அவர்களுக்கு விடை கூறும். கிறிஸ்து பிறப்புக்குப் பின் மூன்றாம் நாளே, டிசம்பர் 28 அன்று, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளை நினைவுகூர்கிறோம். ஞானியரின் காணிக்கையையும் அன்னையரின் ஓலத்தையும் மத்தேயு ஒரே அதிகாரத்தில்தான் எழுதினார். அவ்வோலத்தை மறைத்துவிட்டு, குழந்தைகளுக்காகப் பாடுகிறோம் என்று சொல்லலாமா?